கடலின் உலோக மாசைச் சிப்பிகளால் அளந்த வரலாறு

கடலோர நீரில் கலந்துள்ள பாதரசம், காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம் முதலிய உலோகங்களின் அளவை, அந்நீரில் வாழும் சிப்பிகளின் சதையைப் பகுப்பாய்வு செய்து அறியும் முறை 'சிப்பிக் கண்காணிப்பு' எனப்படுகிறது. ஆங்கிலத்தில் 'மசல் வாட்ச்' என்று வழங்கும் இம்முறைக்கு 1975-இல் பெயரும் திட்டவடிவமும் கிடைத்தன. அமெரிக்கா, பிரான்சு உள்ளிட்ட நாடுகளில் இன்றும் இது நடந்துவருகிறது. ஆனால் சிப்பியின் உடல் கடலின் நிலையைக் காட்டும் என்பதை அறிஞர்கள் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். சிப்பி காட்டியதை யார் எப்போது கவனித்தார்கள், கவனிக்காதபோது என்ன நேர்ந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியாகும்.

ஏன் சிப்பி?

இரு ஓடுகளுக்குள் வாழும் மெல்லுடலிகளில் பல வகைகள் உண்டு. நூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றி வாழ்வது மசல். ஓட்டையே பாறையோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது ஆளி. மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ்வது மட்டி. கண்காணிப்புக்கு மசலும் ஆளியுமே பெரிதும் பயன்படுகின்றன. அதற்கு நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, இவை இடம்பெயர்வதில்லை. நீந்தித் திரியும் மீனின் உடலில் பாதரசம் இருந்தால், அது எந்த இடத்தில் உடலில் சேர்ந்தது என்று சொல்வது கடினம். பாறையில் ஒட்டிய மசலின் உடலில் இருப்பது அந்தப் பாறையைச் சுற்றியுள்ள நீரிலிருந்து வந்ததே.

இரண்டாவது, இவை நீரை வடிகட்டி உண்பவை. மசல் தன் செவுள்களின் வழியே மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் துகள்களையும் பிரித்து உண்கிறது. நீரில் கரைந்த உலோகம், துகளில் ஒட்டிய உலோகம் இரண்டும் உடலுக்குள் செல்கின்றன.

மூன்றாவது, இவை உலோகத்தைச் சேர்த்து வைக்கின்றன. உடலுக்குள் வந்த உலோகத்தின் நச்சை அடக்க, மெட்டலோதயோனின் என்னும் சிறிய புரதங்கள் அதனைப் பிணைத்துக்கொள்கின்றன. ஒரு பகுதி நுண்ணிய மணிகளாக உயிரணுக்களில் தங்கிவிடுகிறது. இதனால் சதையிலுள்ள உலோகச் செறிவு, சுற்றியுள்ள நீரைவிட ஆயிரம் மடங்கு முதல் ஒரு லட்சம் மடங்கு வரை உயர்ந்திருக்கும். நீரில் அளக்கவே முடியாத சிறு அளவு சிப்பியில் எளிதாக அளக்கத்தக்கதாகிவிடுகிறது.

நான்காவது, இவை காலத்தையும் சேர்த்துக் காட்டுகின்றன. ஒரு குப்பி கடல்நீர் அதை மொண்ட கணத்தின் நிலையை மட்டுமே சொல்லும். ஆலைக்கழிவு இரவில் திறந்துவிடப்பட்டு, காலை ஓதத்தில் கலைந்துவிட்டால், பகலில் எடுத்த நீரில் ஒன்றும் தெரியாது. சிப்பியின் சதையோ பல வாரங்கள், மாதங்களின் சராசரியைத் தன்னுள் வைத்திருக்கும்.

பச்சை ஆளிகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதி நூற்றாண்டுகளாகச் செம்பும் தகரமும் வெட்டியெடுக்கப்பட்ட நிலம். சுரங்கங்களின் கழிவுநீர் ஓடைகள் வழியே ஃபால் கழிமுகத்தை அடைந்தது. அங்கே, ஃபால்மவுத் நகரை ஒட்டிய நீரில் வளர்ந்த ஆளிகளின் சதை பச்சை நிறமாக இருந்தது. அவற்றை உண்பது தீங்கானதா என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது.

பிரான்சின் மரேன் பகுதியிலும் பச்சை ஆளிகள் உண்டு. அவை உயர்ந்த விலைக்கு விற்கும் சுவைமிக்க உணவு. அவற்றின் நிறம் ஒருவகை நுண்பாசியின் நீலநிறமியால் வருவது. செம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு பச்சைகளில் ஒன்று உணவால் வந்தது, மற்றொன்று உலோகத்தால் வந்தது என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. லிவர்பூலில் பணியாற்றிய ரூபர்ட் பாய்ஸ், வில்லியம் ஹெர்ட்மன் ஆகிய இருவரும் ஆளியின் வெள்ளணுக்களில் செம்பு தங்குவதையும் அதனோடு பச்சை நிறம் தோன்றுவதையும் காட்டி, 1890-களின் இறுதியில் வெளியிட்டனர். ஒரு கடல் உயிரி தன் உடலில் உலோகத்தைச் சேர்த்து வைக்கிறது என்பதற்கு இது மிக முந்திய சான்றுகளுள் ஒன்று.

இந்த ஹெர்ட்மனே 1902-இல் இலங்கைக்கு வந்து, மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் படுகைகள் ஏன் ஆண்டுக்கணக்கில் பொய்த்துப்போகின்றன என்று ஆராய்ந்தவர். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

மினமாட்டா: சிப்பி சொன்னதும் அரசு கேளாததும்

சப்பானின் கியூஷூ தீவில் உள்ள மினமாட்டா விரிகுடாவின் கரையில் சிஸ்ஸோ நிறுவனத்தின் வேதியியல் ஆலை இருந்தது. அங்கு 1932 முதல் அசிட்டால்டிகைடு உற்பத்தியில் பாதரசம் வினையூக்கியாகப் பயன்பட்டது. அவ்வினையின்போது உருவான மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்தது.

1950-களில் அவ்வூர் மீனவர் குடும்பங்களில் நடை தடுமாறுதல், பேச்சுக் குழறுதல், பார்வை சுருங்குதல், வலிப்பு முதலிய கேடுகள் பரவின. மீன் தின்ற பூனைகள் வெறிபிடித்தவைபோல் சுழன்று இறந்தன. 1956 மே 1 அன்று, ஆலையின் சொந்த மருத்துவமனைத் தலைவரான ஹொசோகாவா ஹாஜிமே, காரணம் அறியப்படாத நரம்பு நோய் பரவுவதாக நகரச் சுகாதார நிலையத்துக்குத் தெரிவித்தார். அந்நாளே நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாகக் கொள்ளப்படுகிறது.

அவ்வாண்டின் இறுதிக்குள் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு, விரிகுடாவின் மீனும் சிப்பியும் ஏதோ ஒரு கனவுலோகத்தை மனித உடலுக்குக் கொண்டுசேர்க்கின்றன என்ற முடிவுக்கு வந்தது. எந்த உலோகம் என்பது மட்டும் தெரியவில்லை. மாங்கனீசு, செலினியம், தாலியம் என ஒவ்வொன்றாக ஐயப்பட்டனர். 1957-இல் சுகாதார நிலையத் தலைவர் இதோ ஹசுவோ, நோயற்ற பூனைகளுக்கு விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் கொடுத்து, அவற்றுக்கும் அதே நோய் வருவதைக் காட்டினார்.

இவ்விடத்தில் ஒரு திருப்பம் நேர்ந்திருக்கலாம். குமமோட்டோ மாகாண நிர்வாகம், உணவுத் தூய்மைச் சட்டத்தின்படி விரிகுடாவில் மீன், சிப்பி பிடிப்பதைத் தடைசெய்யலாமா என்று 1957-இல் நடுவண் சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது. விரிகுடாவின் மீன், சிப்பி அனைத்துமே நஞ்சேறியவை என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. ஆகவே அச்சட்டத்தைப் பயன்படுத்த முடியாது என்று அமைச்சகம் பதிலளித்தது. எந்த உணவால் நோய் வருகிறது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. நஞ்சின் பெயர் தெரியாததால் தடை வரவில்லை. 1958-இல் ஆலை தன் கழிவுநீரை விரிகுடாவிலிருந்து மினமாட்டா ஆற்று முகத்துக்குத் திருப்பியது. அதன்பின் நோய் விரிகுடாவுக்கு வெளியே இருந்த ஊர்களிலும் தோன்றியது.

1959 சூலையில் பல்கலைக்கழகக் குழு கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தது. 1960-இல் உச்சிதா மக்கியோ, விரிகுடாவின் சிப்பிகளிலிருந்து கரிமப் பாதரசச் சேர்மத்தைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். சில ஆண்டுகளில் இருகயாமா கட்சுரோ, ஆலையின் கசடிலேயே மெத்தில் பாதரசம் இருப்பதைக் கண்டார். இருந்தும் ஆலை 1968 மே மாதம் வரை அம்முறையில் உற்பத்தி செய்தது. சிஸ்ஸோவின் கழிவே காரணம் என்று சப்பான் அரசு 1968 செப்டம்பர் 26 அன்றுதான் அறிவித்தது. சிப்பியும் மீனும் குற்றவாளியைச் சுட்டியதற்கும் அரசு அதை ஏற்றதற்கும் இடையே பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. குமமோட்டோ, ககோஷிமா மாகாணங்களில் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட நோயாளர் மட்டும் 2,200-க்கும் மேற்பட்டோர். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை இந்நகரின் பெயரையே தாங்கியுள்ளது.

நீரை அளப்பதில் இருந்த சிக்கல்

மாசை அறிய நீரையே நேராக அளக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 1970-களின் நடுப்பகுதி வரை அது நம்பத்தக்க வழியாக இல்லை. கடல்நீரில் ஈயம், காட்மியம் போன்றவற்றின் அளவு மிகமிகக் குறைவு. மாதிரி எடுக்கும் கப்பலின் இரும்பு, கம்பி, குப்பியின் சுவர், ஆய்வகத் தூசு ஆகியவற்றிலிருந்து ஒட்டும் உலோகமே நீரில் இயல்பாக இருப்பதைவிடக் கூடுதலாகிவிடும். கலிஃபோர்னியாவில் கிளேர் பேட்டர்சன் ஈயத்தை அளப்பதற்காக உருவாக்கிய தூய அறை முறைகள் இதை வெளிச்சமாக்கின. அதற்குமுன் வெளியான கடல்நீர் உலோக அளவுகளில் பல, உண்மையைவிடப் பத்து மடங்கும் நூறு மடங்கும் உயர்ந்தவை எனத் தெரியவந்தது.

சிப்பியில் உலோகம் செறிந்து இருப்பதால் இத்தகைய பிழையின் பங்கு மிகச் சிறியது. 1955-இல் ஆலன் வால்ஷ் விளக்கிய அணு உட்கவர் நிறமாலை முறையும் 1960-களில் ஆய்வகங்களுக்குப் பரவியிருந்தது. சதையை உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஒரே கரைசலில் பல உலோகங்களை அடுத்தடுத்து அளக்க முடிந்தது.

கோல்ட்பெர்க்கின் அழைப்பு

பூச்சிக்கொல்லிகளுக்காக இம்முறையை முன்னரே பெரிய அளவில் கையாண்டவர் பிலிப் பட்லர். அமெரிக்காவின் 15 கடலோர மாநிலங்களில் 1965 முதல் 1972 வரை சிப்பிகளைத் திரட்டி, டிடிடி போன்றவற்றை அவர் அளந்தார்.

கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க் 1975-இல் 'மெரைன் பொல்யூஷன் புல்லட்டின்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். உலகக் கடற்கரைகள் எங்கும் மசல்களைத் திரட்டி, ஒரே முறையில் பகுத்து, கடல்களின் மாசை ஒப்பிடலாம் என்பது அவர் கருத்து. உலகளாவிய கடற்கண்காணிப்புக்கு இதுவே முதல் அடி என்று அவர் அதற்குத் தலைப்பிட்டார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆதரவில் 1976 முதல் 1978 வரை, அந்நாட்டின் கடற்கரைகளில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அது செயலுக்கு வந்தது. கன உலோகங்கள், எண்ணெய்க் கூறுகள், குளோரின் சேர்மங்கள், அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய புளூட்டோனியம் போன்ற கதிரியக்கத் தனிமங்கள் ஆகிய நான்கு வகைகளும் அளக்கப்பட்டன.

1986-இல் அமெரிக்கத் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் இதனை நிலையான திட்டமாக்கியது. கண்காணிப்பு இடங்கள் பின்னர் ஏறத்தாழ 300 ஆயின. பேரேரிகளில் அயலினமாகப் புகுந்து பெருகிய வரிக்குதிரை மசலும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. 2008-இல் வெளியான இருபதாண்டு மதிப்பீடு, தடைசெய்யப்பட்ட டிடிடியும் கப்பல் வண்ணத்தின் தகரச் சேர்மமும் குறைந்துவருவதைக் காட்டியது. பெரும்பாலான உலோகங்களில் நாடளாவிய ஏற்றமோ இறக்கமோ தெரியவில்லை. தடைவிதித்த பொருள் குறைந்தது. விதிக்காதது அப்படியே இருந்தது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஆற்றின் மேலே ஒரு துத்தநாக ஆலை

பிரான்சு 1974-இல் தேசியக் கடற்கண்காணிப்பு வலையமைப்பை நிறுவி, 1979 முதல் மசல்களையும் ஆளிகளையும் பயன்படுத்தியது. சிரோந்து கழிமுகத்தின் ஆளிகளில் காட்மியம் மிக உயர்ந்திருப்பதை அது காட்டியது. மூலத்தைத் தேடியபோது, கடற்கரையில் அல்ல, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்நாட்டில் அது கிடைத்தது. லோத் ஆற்றின் கிளையான ரியூ மோர் ஓடைக்கரையில், டெக்காஸ்வில் அருகே இருந்த பழைய துத்தநாக ஆலையின் கழிவுக்குவியலே அது. துத்தநாகத் தாதுவில் காட்மியம் இயல்பாகவே கலந்திருக்கும். அது லோத், கரோன் ஆறுகள் வழியே வண்டலில் ஒட்டி வந்து, உப்புநீரைத் தொட்டதும் கரைந்து ஆளியின் உடலில் ஏறியது. 1980-களின் இறுதியில் ஆலையின் வெளியேற்றம் கட்டுப்படுத்தப்பட்ட பின், ஆளிகளில் காட்மியம் குறையத் தொடங்கியது. ஆனால் ஆற்றுப் படுகை வண்டலில் தேங்கியது எஞ்சியிருப்பதால், குறைவு மிக மெதுவாகவே நிகழ்ந்தது.

தைவானில் சிப்பி தன் நிறத்தாலேயே எச்சரித்தது. 1986 சனவரியில் ஏர்ஜென் ஆற்று முகத்தருகே வளர்ப்பு ஆளிகள் பச்சையாயின. பழைய மின்கருவிகளையும் கம்பிகளையும் அமிலத்தில் கழுவி உலோகம் பிரித்த தொழிற்கூடங்களின் கழிவே காரணம். அந்த ஆளிகளில் செம்பு, உலர்எடையில் கிராமுக்கு 4,000 மைக்ரோகிராமுக்கும் மேல் இருந்தது. ஃபால்மவுத்தின் பழைய கேள்வி தொண்ணூறு ஆண்டுக்குப் பின் வேறொரு கடலில் திரும்பவந்தது.

அர்க்காஷோன்: விரைந்து கேட்ட ஓர் அரசு

கப்பலின் அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் படியாதிருக்க, 1960-கள் முதல் டிரைபியூட்டைல் டின் என்னும் தகரச் சேர்மம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் உல்லாசப் படகுகளும் ஆளி வளர்ப்பும் அருகருகே இருந்தன. 1970-களின் இறுதியில் தொடர்ந்து சில ஆண்டுகள் ஆளிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த ஆளிகளின் ஓடுகள் பந்துபோல் தடித்து, இடையே கூழ் நிறைந்த அறைகளோடு வளர்ந்தன. குளோட் அல்சியூவும் அவர் குழுவினரும் காரணத்தைப் படகு வண்ணத்தோடு இணைத்தனர். பிரான்சு 1982 சனவரியில், 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இவ்வண்ணத்தைத் தடைசெய்தது. அதன்பின் ஆளிக் குஞ்சுகள் மீண்டும் பிழைக்கத் தொடங்கின.

இதே காலத்தில் இங்கிலாந்தின் பிளிமவுத் நகரில், ஒரு சிறு கடல்நத்தையின் பெண் உயிர்களில் ஆண் உறுப்பு வளர்வது கவனிக்கப்பட்டது. 1986-இல் ஜெஃப்ரி பிரையனும் பீட்டர் கிப்சும் அதற்கும் தகரச் சேர்மமே காரணம் என்று காட்டினர். லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்ற அளவே இதற்குப் போதுமானது. கப்பல்களில் இவ்வண்ணத்தை முற்றாக விலக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

மினமாட்டாவையும் அர்க்காஷோனையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். இரண்டிலும் சான்று சிப்பியிடமிருந்தே வந்தது. அர்க்காஷோனில் ஆளி வளர்ப்பு வலிமையான தொழில். அதன் இழப்பு கணக்கில் தெரிந்தது. மினமாட்டாவில் இழந்தவர்கள் ஏழை மீனவர்கள். நகரமே ஆலையை நம்பி வாழ்ந்தது. அரசு எவ்வளவு விரைவாகச் செயல்பட்டது என்பதை, சான்றின் வலிமையோடு, பாதிக்கப்பட்டோரின் வலிமையும் சேர்ந்தே முடிவுசெய்தது.

ஆசியாவும் தமிழகமும்

நீல மசல் குளிர்நீர் உயிரி. வெப்பமண்டல ஆசியாவில் அதன் இடத்தைப் பச்சை மசல் பெற்றது. ஹாங்காங்கில் டேவிட் பிலிப்ஸ் 1980-களில் அதனைக் கொண்டு உலோகங்களை அளந்தார். 1990-களில் சப்பானின் எஹிமே பல்கலைக்கழகப் பேராசிரியர் தனாபே ஷின்சுகே தலைமையில் ஆசிய-பசிபிக் சிப்பிக் கண்காணிப்பு நடந்தது. தாய்லாந்து, பிலிப்பீன்சு, இந்தியா முதலிய நாடுகளின் பச்சை மசல்களில் தகரச் சேர்மங்களும் குளோரின் சேர்மங்களும் அதில் பகுக்கப்பட்டன.

தமிழகத்தில் பச்சை மசல் சென்னைக்கு வடக்கேயுள்ள எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் வளர்கிறது. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் மணலித் தொழிற்பகுதியின் கழிவும் சேரும் இடமாதலால், உலோக ஆய்வுகள் பலவற்றுக்கு அது களமாகியுள்ளது. குமரி மாவட்டப் பாறைக்கரைகளில் மூழ்கியெடுத்து உண்ணப்படும் சிப்பியும் மசல் இனமே. அங்கே சிப்பி கண்காணிப்புக் கருவி மட்டுமல்ல, அன்றாட உணவும்கூட. ஐரோப்பிய ஒன்றியம் இரு ஓட்டுச் சிப்பிகளின் ஈரச்சதையில், கிலோவுக்குக் காட்மியம் 1 மில்லிகிராம், ஈயம் 1.5 மில்லிகிராம், பாதரசம் 0.5 மில்லிகிராம் என உச்சவரம்பு வைத்துள்ளது. சிப்பியில் காணும் எண்ணை இத்தகைய வரம்போடு ஒப்பிட்டால்தான் அது உண்பவருக்குப் பொருள்படும்.

முறையின் வரம்புகள்

சிப்பி எல்லா உலோகத்தையும் ஒரேபோல் காட்டுவதில்லை. ஆளி துத்தநாகத்தையும் செம்பையும் பெருமளவில் சேர்க்கும். மசல் அவற்றைத் தன் உடலில் ஓரளவு கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். எனவே ஓரிடத்து ஆளியை மற்றோரிடத்து மசலோடு ஒப்பிடக் கூடாது. முட்டையிடும் பருவத்துக்குப்பின் சதை மெலிவதால், உலோகச் செறிவு உயர்ந்ததுபோல் தோன்றும். வயது, உடல் அளவு, நீரின் உப்புத்தன்மை ஆகியவையும் முடிவை மாற்றும். ஆகவே ஒரே இனம், ஒத்த அளவு, ஒரே பருவம் என்ற ஒழுங்கில் பல சிப்பிகளைச் சேர்த்தே பகுப்பாய்வு செய்கின்றனர். குடலில் உள்ள சேறு கணக்கில் சேராதிருக்கச் சில ஆய்வுகளில் ஓரிரு நாள் தூயநீரில் வைப்பதும் உண்டு. சிப்பி இல்லாத இடங்களில், தூய கடலிலிருந்து கொண்டுவந்த மசல்களைக் கூண்டில் தொங்கவிட்டு, சில வாரங்கள் கழித்து அளக்கின்றனர். உணவுச் சங்கிலியில் மேலேறும்தோறும் பெருகும் மெத்தில் பாதரசத்தை மட்டும், சிப்பியைவிடப் பெரிய மீன்களே தெளிவாகக் காட்டும்.

இவ்வரம்புகளுக்கு உட்பட்டு, சிப்பிக் கண்காணிப்பின் பெரும்பயன் அதன் தொடர்ச்சியில் உள்ளது. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு நேர்ந்தபோது, அதற்கு முந்திய நிலை என்ன என்பதைச் சொல்ல 1986 முதல் சேர்த்த சிப்பித் தரவு கைவசம் இருந்தது. விபத்துக்குப்பின் தொடங்கும் அளவீட்டால் முன்னிருந்த நிலையை மீட்டுத்தர முடியாது. ஒரு கடற்கரையில் இன்று ஆண்டுதோறும் எடுத்து வைக்கும் சில டஜன் சிப்பிகளின் பயன், நாளை அக்கரையில் ஒருவர் நோயுற்று, காரணம் என்ன என்று கேட்கும்போது தெரியவரும்.